வழக்குகள்: ஒன்று

ஜனவரி 30, ஞாயிறு

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். பிப்ரவரி 19. எங்கள் தென்கரைப்பட்டி நகராட்சியில் கவுன்சிலர் என்று ஒரு ஜீவனைப் பார்த்தே வருஷக்கணக்கில் ஆகிறது.

காலை பத்து மணிக்கு வாக்காளர் மன்றக் கூட்டம், என் தட்டச்சுக் கடையில். உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். வந்தது ஏழு. அதிலும் ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், ஃபேன் காற்றுக்கு உட்கார்ந்துவிட்டார். நாடு உருப்பட்ட மாதிரிதான்.

பதினான்காவது வார்டில் வீட்டுக்கு ஒரு தாள் கொடுப்பது என்று முடிவு. வேட்பாளர் பெயர், வயது, படிப்பு, தொழில், சொத்து வரி பாக்கி, நிலுவையில் உள்ள வழக்குகள். எல்லாம் அவரவர் தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரத்தில் உள்ளபடி. இவருக்குப் போடு என்று சொல்ல மாட்டோம், அவருக்குப் போடாதே என்றும் சொல்ல மாட்டோம். எந்தக் கட்சிக்காரன் டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்கக் கூடாது. விதிகளை நான்தான் அடித்தேன், மூன்று பிரதி. முப்பத்தோரு வருஷமாக என் கடையில் எந்த மனு அடித்தாலும் மூன்று பிரதிதான். ஒன்று கொடுக்க, ஒன்று முத்திரை வாங்கிக்கொள்ள, ஒன்று என் டிராயரில் இருக்க. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

பிப்ரவரி 2, புதன்

மாவு மில் செங்கமலம் வந்தாள். சுயேச்சையாக நிற்கிறாளாம். பத்திரம் அடிக்க வேண்டும் என்றாள். காதோரம் மாவு ஒட்டியிருந்தது, துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை.

"வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கா?" என்று கேட்டேன். கேட்டாக வேண்டும், பத்திரத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

சிரித்தாள். "என்ன சார், உங்களுக்குத் தெரியாததா? அந்தத் தண்ணிக் கேஸு ஒண்ணு இருக்குல்ல. மூணு வருஷமா வாய்தா வாங்கிட்டு அலையறேன்."

குற்ற எண்ணை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒரு எண் தவறாக விழுந்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. கீபோர்டில் 7 சரியில்லை.

மதியம் கான்ட்ராக்டர் வேலாயுதத்தின் ஆள் வந்தான். அவர்களுக்கும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். தொழிலில் பாரபட்சம் கிடையாது.

பிப்ரவரி 5, சனி

மனுக்கள் பரிசீலனை முடிந்தது. நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பத்திரங்களை எங்கள் மன்றத்து நசீர் பாய் நின்றபடியே கையால் எழுதிக்கொண்டு வந்தார். பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர், கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். நான்கு வேட்பாளர்கள். போட்டி என்னவோ வேலாயுதத்துக்கும் செங்கமலத்துக்கும்தான்.

வேலாயுதம், வழக்குகள்: இல்லை.

"மூணு இருந்துச்சு அருணகிரி சார். ஒண்ணு வாபஸ், ஒண்ணு சமாதானம், ஒண்ணுல சாட்சி பல்டி. ஆளு சுத்தமா தொடைச்சுட்டான்" என்றார் பாய்.

"இப்ப இல்லைன்னா இல்லைதானே, பாய்."

"அதுவும் சரிதான்" என்றார். முகம் சரியில்லை.

பிப்ரவரி 7, திங்கள்

சின்னம் ஒதுக்கினார்கள். செங்கமலம் தண்ணீர்க் குழாய் கேட்டிருக்கிறாள். அதை இன்னொரு சுயேச்சையும் கேட்க, குலுக்கலில் அவனுக்குப் போய்விட்டது. இவளுக்குக் கட்டில். ஊர் வாய் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டில் நாலு தடியன்கள் கட்டிலை வைத்து என்னென்னவோ பேசிச் சிரிக்கிறான்கள். அவள், "ஆமாண்டா, இந்த ஊரு நோயில கிடக்கு, படுக்கப் போட்டுப் பார்க்கணும்" என்றாளாம். வாய்க்காரிதான்.

என் மனைவி சுலோச்சனா இதைச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள். வீட்டில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

பிப்ரவரி 8, செவ்வாய்

பெரிய ரகளை. எல்லாம் பாய் ஆரம்பித்ததுதான்.

தாளில் செங்கமலத்துக்கு நேரே "நிலுவையில் உள்ள வழக்குகள்: 1" என்று இருக்கிறது. பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, என்ன வழக்கு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார்.

"காலிக்குடம் வெச்சு ஆர்ப்பாட்டம் பண்ண கேஸு. பதினேழு நாள் தண்ணி வரல. வேலாயுதம் டேங்கர் லாரியில கொண்டாந்து வித்தான். பொம்பளைங்க தெருவுக்கு வந்தாங்க. இதைச் சொல்லாம வெறும் ஒண்ணுன்னு போட்டா ஜனம் என்ன நினைக்கும்?"

"விளக்கம் போட்டால் அது ஆதரவு. எண் மட்டும்தான்" என்றேன். "இன்றைக்கு இவளுக்கு விளக்கம் போட்டால் நாளைக்குக் கொலைகாரனும் வந்து என் கொலைக்கும் காரணம் போடு என்பான். நடுநிலை என்றால் நடுநிலை."

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு அந்தக் கேஸு நல்லாத் தெரியுமே சார்" என்றார்.

"தெரிந்தால் என்ன? அன்றைக்கு நான் அங்கே இல்லை."

அதுதான் உண்மை. அன்று நான் அங்கே இல்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. ஓட்டெடுப்பு நடத்தினேன். எண் மட்டும் என்பதற்கு நான்கு, விளக்கத்துக்கு இரண்டு. ஜனநாயக முறைப்படி முடிந்தது.

பிப்ரவரி 9, புதன்

கடையைச் சுத்தம் செய்தேன். இரண்டாவது டிராயர் தவிர.

"அதை மட்டும் ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க, தங்கமா இருக்கு?" என்றாள் சுலோச்சனா. பழைய பில் என்றேன். சாவி என் கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. அதைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பிப்ரவரி 10, வியாழன்

ஆயிரத்து நூறு வீட்டுக்கும் தாள் கொடுத்தாகிவிட்டது. மன்ற முத்திரை பளிச்சென்று விழுந்திருக்கிறது. மூன்றாவது குறுக்குத்தெருவில் ஒரு கிழவர், "முப்பது வருஷமா ஓட்டுப் போடறேன், யாருக்குப் போடறேன்னு இப்பதான் படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கால் வலிகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

அட, பாவிகளா!

எங்கள் தாளை அப்படியே அச்சடித்திருக்கிறான்கள். ஒரு எழுத்து மாற்றவில்லை. மன்ற முத்திரையும் அப்படியே. மாற்றியது ஒன்றே ஒன்று: "வழக்குகள்: 1" என்பதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறது. பால் பூத், ரேஷன் கடை, கோயில் மதில், எங்கு பார்த்தாலும் அந்த வட்டம். கீழே அச்சகத்தின் பெயரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நேராக வேலாயுதத்தின் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். எழுந்து நின்று கும்பிட்டான்.

"யார் ஒட்டினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. ஆனா அதுல பொய் எதுனா இருக்கா, சொல்லுங்க? நீங்க போட்டதுதானே? ஊருக்கே உங்க வார்த்தைதான் வேதம்."

பொய் இல்லை. டீ வந்தது. குடிக்கவில்லை. அந்த ஒரு விதியையாவது காப்பாற்றிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 14, திங்கள்

செங்கமலம் கடைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், உங்க தாளைத் தப்பு சொல்லல. இருக்கிறதைத்தானே போட்டிருக்கீங்க. ஆனா என்ன கேஸுன்னு ஒரு வரி போட்டு இன்னொரு நோட்டீஸு விட முடியாதா? நான் வீடு வீடா போய்ச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ஒருத்தி சீட்டுப் பணம் ஏமாத்துன கேஸுங்கறா. இன்னொருத்தி, வாய் கூசாம, விபச்சாரக் கேஸுங்கறா. கட்டில் சின்னமாச்சே, ஒட்ட வெச்சுப் பேசறாளுங்க. என் பொண்ணு காலேஜுக்குப் போக மாட்டேன்னு உக்காந்திருக்கா, சார்."

"மன்ற விதி இடம் கொடுக்காதும்மா."

"விதி நீங்க எழுதுனதுதானே?"

"எழுதினவனே மீறலாமா?"

"நீங்க சொன்னா நம்புவாங்க சார். அன்னிக்கும் நீங்க சொன்னதாலதான் நாங்க எல்லாரும் வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மதியச் சாப்பாடு கொண்டு வந்த சுலோச்சனா கடைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ரசத்தில் உப்பு இல்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

பிப்ரவரி 15, செவ்வாய்

நசீர் பாய் ராஜினாமா. கடிதத்தில் ஒரே வரி: "நமது தாள் உண்மையைச் சொல்லிப் பொய்யைப் பரப்பிவிட்டது."

முத்து முத்தான கையெழுத்து. கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்துக் கோப்பில் ஒட்டி வைத்தேன். ஆவணம் ஆவணம்தான்.

பிப்ரவரி 17, வியாழன்

மஸ்கட்டில் இருந்து விமல் பேசினான். "அப்பா, உங்க மன்றம் பத்தி வாட்ஸப்பில் வந்துச்சு, சூப்பர்பா" என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 19, சனி

ஏழு மணிக்கே வரிசையில் நின்றேன். விரலில் மை. யாருக்குப் போட்டேன் என்று இங்கேகூட எழுத மாட்டேன். வாக்கு ரகசியம்.

சரி, கட்டிலுக்குத்தான் போட்டேன். போட்டு என்ன ஆகப்போகிறது, ஒரு ஓட்டு.

பிப்ரவரி 22, செவ்வாய்

வேலாயுதம் வெற்றி. முப்பத்தேழு ஓட்டு வித்தியாசம்.

எண்பது ஓட்டில் தோற்றிருந்தால், இருநூறில் தோற்றிருந்தால், யாரையும் எதையும் கேட்க முடியாது. முப்பத்தேழு என்பது ஒரே தெரு. ஒரே தெருவில் ஒரு பக்கத்து வீடுகள். அந்தத் தெருவுக்குத் தாள் கொடுத்தது நான்தான்.

வெடிச் சத்தம் மாலை வரை ஓயவில்லை.

பிப்ரவரி 24, வியாழன்

வேலாயுதம் ஆட்களோடு கடைக்கு வந்து சால்வை போர்த்தினான். "நடுநிலைன்னா உங்க மன்றம்தாங்கய்யா." விதிப்படி வாங்கக் கூடாது. தோளில் போட்டுவிட்டால் நான் என்ன செய்வது? போட்டோவும் எடுத்துவிட்டான்கள்.

சுலோச்சனா அந்தச் சால்வையைக் கடை வாசலில் கால் துடைக்கப் போட்டுவிட்டாள். கேட்டதற்கு, "தண்ணி நல்லா இழுக்குது" என்றாள்.

மார்ச் 6, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று மத்தியானம் வரை யோசித்தேன்.

செங்கமலம் காலையில் வந்தாள், கோர்ட் காகிதங்கள் ஜெராக்ஸ் எடுக்க. வெள்ளிக்கிழமை, 11ஆம் தேதி, விசாரணை. தோற்றதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மில்லில் கூட்டம் குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். கேஸ்காரி மில்லில் மாவு அரைக்கக் கூடாதாம். என்ன ஜனங்கள்.

காகிதங்களை நான் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"சார், ஒரு உதவி. அன்னிக்கு ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின நாள் நீங்க ஸ்டேஷன்ல மனு குடுத்தீங்கல்ல? அனுமதி இல்லாம கூடுனோங்கிறதுதான் இப்ப கேஸே. முறையா எழுதிக் குடுத்தோம்னு காட்டினா பாதி கேஸு போயிடும்கிறாரு வக்கீலு. ஸ்டேஷன்ல கேட்டா அப்படி ஒரு மனுவே வரலைன்னு சாதிக்கிறாங்க. அநியாயம் பாருங்க, வாங்கி வெச்சுட்டு மறைச்சுட்டானுங்க."

மெஷின் வெளிச்சம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"நீங்கதான் எது அடிச்சாலும் மூணு காப்பி அடிப்பீங்களே. முத்திரை வாங்குன காப்பி உங்ககிட்ட இருக்கும் சார். நீங்க எதையும் தூக்கிப் போடற ஆளா?"

"மூன்று வருஷம் ஆச்சேம்மா. தேடணும்."

"காப்பி கிடைக்கலைன்னாலும் பரவால்ல. நீங்க வந்து, நான்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்."

"மன்றத் தலைவராக இருந்துகொண்டு, தேர்தல்ல நின்ன ஒருத்தருக்காகச் சாட்சி சொன்னால் மன்றத்தின் நடுநிலை..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. முடிக்காமல் விட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு வட்டம் ஒட்டிய மறுநாள் வந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"குடுத்தீங்கதானே, சார்?"

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

குடுத்தேனா இல்லையா என்று கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்கிறேன். உலகத்தில் வேறு எவனாவது இப்படிப் பதில் சொல்லியிருப்பானா? அவள் காகிதங்களை வாங்கி, ஓரம் தட்டி அடுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 7, திங்கள்

சரி. எழுதித் தொலைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே 14. மனுவை அடித்தேன். "நாளை காலை எங்கள் வார்டு மக்கள் காலிக்குடங்களுடன் அமைதியான முறையில் ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கோரி." மனுதாரர்: கு. அருணகிரி. கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து, ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். அது உண்மை.

வாசலில் இருந்த போலீஸ்காரர், "ஆர்ப்பாட்டத்துக்குப் பொறுப்பாளர் நீங்களா? உள்ள வந்து நோட்டுல பேரு, விலாசம் எழுதுங்க" என்றார். அதே வாரம் அதே ஸ்டேஷனில் விமலின் பாஸ்போர்ட் விசாரணை நிலுவையில் இருந்தது. மஸ்கட் வேலை அதை நம்பித்தான் இருந்தது. "பேனா கொண்டு வரவில்லை, எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லித் திரும்பினேன். சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது.

வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். மாவு மில்லில் காத்துக்கொண்டிருந்த பெண்களிடம், "குடுத்தாச்சு, தைரியமாக வாருங்கள்" என்றேன். மறுநாள் விமலைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டேன். இதுதான் என்னுடைய வேறு வேலை.

போலீஸ் வந்து யார் கூட்டிய கூட்டம் என்று கேட்டபோது, எல்லோரும் நான் வந்திருக்கிறேனா என்று தேடியிருக்கிறார்கள். ஆள் இல்லை. "நான்தான்" என்று முன்னால் வந்தாள் செங்கமலம். இதைச் சொன்னது சுலோச்சனா. அவளும் குடத்தோடு அங்கே நின்றவள்தான்.

காப்பி கேட்கிறாள். மூன்று பிரதியும் இரண்டாவது டிராயரில் ஒரே கவரில் இருக்கின்றன. ஒரிஜினலே இங்கே இருக்கும்போது முத்திரை குத்திய காப்பிக்கு நான் எங்கே போவேன்?

அந்தத் தாளில் ஒரு வரி விளக்கம் சேர்த்திருந்தால், யாராவது ஒருவன் கேட்டிருப்பான்: அந்த ஆர்ப்பாட்டத்தைக் கூட்டியது யார்? அவ்வளவுதான் என் நடுநிலை. நான் ஒரு கோழை. எழுதிவிட்டேன்.

மார்ச் 9, புதன்

மன்றக் கூட்டம். மூன்று பேர். அடுத்த வருஷத் திட்டம் பற்றிப் பேசினோம். ஒரு கல்லூரியில் "விழிப்புணர்வு வாக்காளர்" என்ற தலைப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி என்றேன்.

செங்கமலத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மில் வழியாகப் போகாமல் ரயில்வே கேட்டைச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.

மார்ச் 10, வியாழன்

சாப்பிடும்போது சுலோச்சனா கேட்டாள். "நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறீங்களா?"

"போய் என்ன சொல்ல? கொடுத்தேன் என்றால் பொய் சாட்சி. கொடுக்கவில்லை என்றால்..."

"கொடுக்கலையா?" என்றாள். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. மூன்று வருஷமாகத் தெரிந்த ஒன்றை நான் வாயால் சொல்கிறேனா என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் எழுந்து கை கழுவினேன். "அந்தப் பொம்பள உங்க பேரைச் சொல்லியிருந்தா நம்ம புள்ள இன்னிக்கு மஸ்கட்ல இல்ல. ஞாபகம் இருக்கட்டும்" என்று பின்னாலிருந்து சொன்னாள். குழாயை அடைக்க மறந்து வந்துவிட்டேன். அவளே போய் அடைத்தாள்.

மார்ச் 11, வெள்ளி

குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் சத்தம் இல்லை. அடுப்பில் இட்லி மூடி வைத்திருந்தது. சுலோச்சனாவின் செருப்பைக் காணோம். கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

கடைக்கு வந்து கண்ணாடியை எடுத்தேன். கூட்டில் சாவி இல்லை. சாவி இரண்டாவது டிராயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டிராயர் திறந்திருந்தது. பழைய பில்கள் எல்லாம் அடுக்கினபடியே இருந்தன. கவரை மட்டும் காணோம்.

எதிர்க்கடைக்காரர் சொன்னார்: "அம்மாவும் மில்லுக்காரம்மாவும் ஒன்பது இருபது பஸ்ல ஏறுனாங்களே சார், கோர்ட்டுக்குன்னு. நீங்க போகலையா?"

பத்து மணிக்கு வழக்கைக் கூப்பிடுவார்கள். பத்தரைக்குள் வக்கீல் அந்தக் கவரைப் பிரித்திருப்பார். மூன்று பிரதி, மூன்றிலும் என் பெயர், மூன்றிலும் என் கையெழுத்து, ஒன்றில்கூட முத்திரை இல்லை. படித்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். செங்கமலத்துக்கும் இந்நேரம் புரிந்திருக்கும்.

நிம்மதியாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். தெருவில் விளக்கு எரியவில்லை, மனு ஒன்று அடிக்க வேண்டும் என்றார். புதுக் கவுன்சிலருக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று.

"மூணு காப்பியா அடிச்சுக் குடுத்துடுங்க சார், உங்க வழக்கப்படி" என்றார்.

மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.